ஐந்து டாலர் டிக்கெட், நான்கு பேர் சம்மதம்: ஃபுகாசி பாட்டுக் கட்டிய விதம்

ஃபுகாசி என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் முதலில் சொல்வது டிக்கெட் விலையைத்தான். ஐந்து டாலர். 1987 முதல் 2002 வரை வாஷிங்டன் டி.சி.யிலிருந்து இயங்கிய இந்த நால்வர் ராக் குழு பெரிய இசை நிறுவனம் எதனுடனும் ஒப்பந்தம் போடவில்லை. மேலாளர் வைத்துக்கொள்ளவில்லை. குழுவின் பெயர் அச்சிட்ட பனியன்கூட விற்கவில்லை. இத்தனையும் உண்மைதான். ஆனால் இதையே சொல்லிச் சொல்லி அவர்களை விரதம் காத்த சாமியார்களாக்கி ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டோம். அவர்கள் பாட்டை எப்படிக் கட்டினார்கள், எங்கிருந்து எடுத்தார்கள் என்பதை விசாரிப்பவர்கள் குறைவு. விசாரிக்கப் போனால் பண விதிகளும் கூடவே வந்து நிற்கின்றன. அந்த ஐந்து டாலர் கணக்கு இல்லாமல் அந்தப் பாட்டுகள் அந்த வடிவில் வந்திருக்காது என்பது என் கட்சி.

நால்வரில் மூவர் இருபத்தைந்து வயதுக்குள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். கிதாரும் குரலுமான இயன் மெக்காய் 1980 முதல் 1983 வரை மைனர் த்ரெட் என்ற குழுவில் பாடியவர். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும் அசுர வேகப் பாட்டுகள் அவை. ஹார்ட்கோர் பங்க் என்று அந்த வகைக்குப் பெயர். அதற்கும் முன்பு, பதினெட்டு வயதில், டீன் ஐடில்ஸ் என்ற அவருடைய குழு கலைந்தபோது, கச்சேரிகளில் சேர்ந்திருந்த பணத்தைப் பங்கு பிரிக்காமல், அதை வைத்தே நண்பர்களோடு சேர்ந்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். டிஸ்கார்டு ரெக்கார்ட்ஸ் அப்படித்தான் பிறந்தது. கீ பிச்சோட்டோவும் டிரம்ஸ் வாசித்த பிரெண்டன் கேன்டியும் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். பேஸ் கிதார் வாசித்த ஜோ லாலி வேறொரு குழுவுக்குக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்.

அந்தக் காலத்து வாஷிங்டன் குழுக்களின் ஆயுள் மிகக் குறைவு. பள்ளித் தோழர்கள் சேர்வார்கள், நான்கைந்து கச்சேரி செய்வார்கள், சண்டை போட்டுப் பிரிவார்கள். ஃபுகாசிக்கு முன்பு மெக்காய் தொடங்கிய எம்பிரேஸ் என்ற குழு ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. அடுத்ததில் அவசரப்படுவதில்லை என்று அவர் முடிவு செய்தார். லாலியோடு 1986 இறுதியில் தொடங்கிய ஒத்திகை பல மாதங்கள் மேடை ஏறாமலே நடந்தது. இடையில் முதல் டிரம்ஸ் கலைஞர் தன் பழைய குழுவுக்கே திரும்பிப் போனார், கேன்டி வந்தார். முதல் கச்சேரி 1987 செப்டம்பர் 3 அன்று, வில்சன் சென்டர் என்ற சமூகக் கூடத்தில் நடந்தது. ஒரு கச்சேரியும் செய்யாமல், இசைத்தட்டும் இல்லாமல் இத்தனை மாதம் தாளம் போட்டுக்கொண்டிருப்பது இருபத்தைந்து வயதில் எளிதல்ல. ஆனால் அதன் பலன் முதல் இசைத்தட்டின் முதல் பாட்டிலேயே கேட்கிறது.

அந்தப் பாட்டு 'வெயிட்டிங் ரூம்', 1988-ல் வெளிவந்தது. லாலியின் பேஸ் கிதார் தனியாகத் தொடங்குகிறது. ஒரே துணுக்கு, ஜமைக்காவின் ரெக்கே இசைச் சாயல், தலையைத் தானாக ஆட்டவைக்கும் நடை. டிரம்ஸும் கிதாரும் வந்து சேர்ந்து பாட்டு சூடு பிடிக்கிறது. இருபது விநாடி தாண்டியதும் எல்லோரும் ஒரே வெட்டில் நிறுத்துகிறார்கள். ஒலி எதுவும் இல்லை. நாம் ஒலிப்பதிவு கெட்டுவிட்டதோ என்று நினைக்கும் நேரத்தில் அதே துணுக்கு அதே வேகத்தில் திரும்ப எழுகிறது. மேடைப் பதிவுகளில் இந்த இடைவெளியை ரசிகர்களின் கூச்சல் நிரப்புகிறது. அந்த மௌனத்தில் நான்கு பேரும் மனதுக்குள் ஒரே தாளத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் அரை மாத்திரை முந்தினாலும் மானம் போய்விடும். ஹார்ட்கோர் குழுக்கள் இப்படி அதிகம் நிறுத்தியதில்லை. அவர்களுடைய வேகமே அவர்களுடைய பிழைகளை மூடி மறைத்தது. நிறுத்தத் தெரிந்த குழு என்பது நெடுநாள் ஒத்திகை பார்த்த குழு.

பேஸ் கிதார் முன்னால் நிற்பதற்கும் காரணம் உண்டு. வாஷிங்டனுக்கென்று ஒரு தாள இசை இருக்கிறது. கோ-கோ என்று பெயர். ஃபங்க் என்ற ஆட்ட இசையிலிருந்து நகரத்துக் கறுப்பின மக்கள் எழுபதுகளில் வளர்த்தெடுத்த வகை அது. சக் பிரவுனும் ட்ரபிள் ஃபங்க் குழுவும் அதன் பெரிய பெயர்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் தாளவாத்தியங்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பது அதன் அடையாளம். 1983 செப்டம்பரில் மைனர் த்ரெட்டின் கடைசிக் கச்சேரி ட்ரபிள் ஃபங்க் குழுவோடு ஒரே மேடையில்தான் நடந்தது. வெள்ளைக்கார பங்க் பையன்களும் கோ-கோ ரசிகர்களும் ஒரே கூடத்தில் நின்ற அரிய இரவுகளில் அதுவும் ஒன்று. இதோடு ரெக்கே, அதன் கிளையான டப் இசைத்தட்டுகளையும் ஃபுகாசிக்காரர்கள் ஊன்றிக் கேட்டிருந்தார்கள். கிதாரைக் குறைத்துப் பேஸை உயர்த்தினால் பாட்டுக்குள் இடம் கிடைக்கிறது என்பதை டப் கற்றுக்கொடுத்தது. ஃபுகாசியின் பாட்டுகளில் யாரோ ஒருவர் வாசிக்காமல் இருக்கும் கணங்கள் ஏராளம். நான்கு பேரும் எப்போதும் முழங்கிக்கொண்டே இருக்கும் குழுக்களை அதன்பின் கேட்டால் காது களைத்துப்போகிறது.

தொடக்கத்தில் பாட்டுகள் பெரும்பாலும் மெக்காய் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவை. பிச்சோட்டோவின் நிலை வினோதமானது. அவர் குழுவில் சேர்ந்தபோது கிதார் வாசிக்கவில்லை. மெக்காயின் குரலுக்குப் பதில்குரல் பாடுவார், ஆடுவார், மேடையில் உருளுவார். 1988-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடைப்பந்து வளையத்துக்குள் உடலை நுழைத்துத் தலைகீழாகத் தொங்கியபடி அவர் பாடிய காட்சி படமாகவே இருக்கிறது. பார்க்க அற்புதம்தான். ஆனால் பாட்டுக் கட்டும் அறையில் அவருக்கு என்ன வேலை? 1990-ல் வந்த 'ரிப்பீட்டர்' தொகுப்போடு அவர் கிதாரை எடுத்தார். குழுவின் உண்மையான பிறப்பு அங்கேதான் என்பேன்.

மெக்காயின் கிதார் கிப்சன் எஸ்.ஜி. ஒலியை உருமாற்றும் மிதிபொறிகள் எதுவும் இல்லாமல் நேராக ஒலிபெருக்கியில் செருகி வாசிப்பார். கனத்த, முரட்டு ஒலி. பிச்சோட்டோவின் ரிக்கன்பேக்கர் மெல்லியது, கீச்சுக் குரல் கொண்டது. இருவரும் ஒரே ஸ்வரக்கட்டை வாசித்தால் பத்தோடு பதினொன்றான ராக் குழுவாகிவிடும். அவர்கள் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் நுழைந்தார்கள். ஒருவர் தாளத்தை வெட்டிக்கொண்டே போக, மற்றவர் தந்திகளை உரசியும் இரைச்சலை இழுத்தும் இடைவெளிகளைக் கோடிட்டார். எது யாருடைய கிதார் என்று பிரித்துச் சொல்வது பல பாட்டுகளில் கடினம்.

இதற்குப் பிறகு பாட்டு பிறந்த முறையே மாறியது. யாராவது ஒரு துணுக்கோடு வருவார். சில நேரம் நான்கு ஸ்வரம், சில நேரம் வெறும் டிரம்ஸ் நடை. மற்ற மூவரும் அதன்மேல் தங்களுடையதை ஏற்றிப் பார்ப்பார்கள். ஒத்திகை அறையில் கேசட் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு நாடாவைப் போட்டுக் கேட்டு, பிடித்த நாலு விநாடியை எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்த நாலு விநாடிக்குப் பொருத்தமான மறுபாதி சில மாதம் கழித்து வேறொரு ஒத்திகையில் அகப்படலாம். ஒரு பாட்டின் நடுப்பகுதியைக் கழற்றி இன்னொன்றின் தொடக்கமாகப் பூட்டிப் பார்ப்பதும் உண்டு. சொற்கள் கடைசியில் வரும். யார் பாடப்போகிறாரோ அவர் எழுதுவார். மேளக்கட்டு முழுதாக எழுந்து நின்றபின் குரலுக்கு இடம் தேடுவதால்தான் அந்தப் பாடல்வரிகள் துண்டுதுண்டாக, தந்தி வாசகம் போல இருக்கின்றன. வரி நீண்டால் இடிக்கும்.

நம்மூர் சினிமா இசைக்குப் பழகிய காதுக்கு இந்த முறை சற்று அந்நியமானது. இங்கே மெட்டு ஒருவருடையது. அவர் எழுதிக்கொடுத்ததை அல்லது சொல்லிக்கொடுத்ததை வாசிப்பது மற்றவர்கள் வேலை. மெட்டு யாருடையது என்பதில் சந்தேகமே எழாது, எழுந்தால் வழக்காகிவிடும். ஃபுகாசியில் பாடல் உரிமை நால்வர் பெயரிலும் பதிவானது, பணமும் நான்காகப் பிரிந்தது. இதைப் பெருந்தன்மை என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. துணுக்குக்குத் துணுக்கு உரிமைக் கணக்கு வைத்திருந்தால், தன் துணுக்கு கழற்றப்படும்போது ஒவ்வொருவரும் சண்டைக்கு வந்திருப்பார்கள். பங்கு சமமானதால் எதையும் கழற்றித் தூர எறிய முடிந்தது.

ஒரே நிபந்தனை, நால்வரும் ஒப்ப வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பெரும்பான்மை ஓட்டு என்ற பேச்சே இல்லை. கேட்க அழகாக இருக்கும் இந்த ஏற்பாடு எப்படிக் காலை வாரும் என்பதற்கு 1991-ல் வந்த 'ஸ்டெடி டயட் ஆஃப் நத்திங்' தொகுப்பே சாட்சி. அதுவரை ஒலிப்பதிவில் வெளியாளாக இருந்து தயாரித்துக்கொடுத்த டெட் நைஸ்லி சமையற்கலை படிக்கப் போய்விட்டார். சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று நால்வரும் இறங்கினார்கள். கருவிகளின் ஒலியளவைக் கூட்டிக் குறைத்துச் சமன்செய்யும் வேலையில் ஒருவர் மற்றவர் வாசிப்பின்மீது கைவைக்கக் கூசினார்கள். உன் டிரம்ஸைக் குறைக்கிறேன் என்று யாரும் சொல்லத் துணியவில்லை. முடிவில் எல்லாம் ஒரே மட்டத்தில், உலர்ந்து, தட்டையாக வந்தது. பாட்டுகள் வலுவானவை, மேடைப் பதிவுகளில் அவை சீறுகின்றன. இசைத்தட்டில் மட்டும் மரியாதை மிகுந்துபோய்விட்டது.

அடுத்த முறை எதிர்த்திசையில் போனார்கள். 1992-ல் சிகாகோவுக்கு, ஸ்டீவ் ஆல்பினியின் வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு. குழு வாசிப்பதை உள்ளது உள்ளபடி பிடிப்பதுதான் தன் வேலை, அதைத் திருத்துவதல்ல என்ற கொள்கைக்காரர் அவர். தயாரிப்பாளர் என்ற பட்டத்தையே ஏற்காதவர். சில பாட்டுகளை மட்டும் பதிவு செய்துபார்க்கப் போனவர்கள், அங்கே பொழுது இன்பமாகக் கழியவே தொகுப்பு முழுவதையும் பதிவு செய்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பிப் போட்டுக் கேட்டபோது முகம் தொங்கிவிட்டது. ஆல்பினியும் தன் பங்குக்குக் கேட்டுப் பார்த்து, இது சரிப்படவில்லை என்ற அதே முடிவுக்கு வந்திருந்தார். மொத்தத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, படிப்பிலிருந்து திரும்பிய நைஸ்லியோடு வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டனில் டான் சியென்டாராவின் இன்னர் இயர் கூடத்தில் முதலிலிருந்து தொடங்கினார்கள். 1993-ல் வந்த 'இன் ஆன் தி கில் டேக்கர்' அந்த இரண்டாம் முயற்சி. அவர்களுடைய தொகுப்புகளில் மிகக் கோபமானது, என் கணக்கில் மிகச் சிறந்ததும்கூட.

இங்கேதான் பண விதி பாட்டைத் தொடுகிறது. ஒரு முழுத் தொகுப்பைத் தூக்கிப்போடும் உரிமை யாருக்கு இருக்கிறது? பெரிய நிறுவனத்தில் முன்பணம் வாங்கிய குழுவுக்கு நாள் குறித்திருப்பார்கள். விளம்பரத்துக்கு ஏற்பாடாகியிருக்கும். ஆல்பினி போன்ற பெயர் கிடைத்திருக்கிறது, அதை அட்டையில் போட்டு விற்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். டிஸ்கார்டு நிறுவனம் தன் குழுக்களோடு எழுத்து ஒப்பந்தமே போட்டதில்லை. செலவு போக லாபத்தைப் பகிர்ந்துகொள்வதுதான் ஏற்பாடு. ஒலிப்பதிவுக்கு ஆன செலவு அவர்களுடையது, நஷ்டமும் அவர்களுடையது. ஆகவே யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு சில காலம் கனெக்டிகட் மாநிலத்தில் கில்ஃபோர்டு என்ற ஊரில் ஒரு வீட்டை எடுத்துத் தங்கிப் பாட்டுக் கட்டினார்கள். சமையலும் ஒத்திகையும் தூக்கமும் ஒரே கூரையின் கீழ். 1995-ல் வந்த 'ரெட் மெடிசின்' தொகுப்பைப் போட்டதும் முதலில் கேட்பது மலிவான கேசட் கருவியில் பதிந்த ஒத்திகை இரைச்சல். காது அதற்குப் பழகுமுன் கூடத்தில் பதிந்த முழு ஒலி வந்து மோதுகிறது. பாட்டுக் கட்டும் அறையின் அழுக்கைத் துடைக்காமல் அப்படியே உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். ஜெம் கோஹன் என்ற திரைப்படக்காரர் பத்தாண்டுக்கு மேலாக அவர்களைத் துண்டுதுண்டாகப் படம் பிடித்து, 1999-ல் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்ற பெயரில் வெளியிட்ட படத்திலும் இந்த வேலையைப் பார்க்கலாம். நான்கு பேர் தரையைப் பார்த்தபடி ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார்கள். பார்ப்பவருக்குப் பொறுமை வேண்டும்.

சரி, எதைப் பற்றிப் பாடினார்கள்? காதல் பாட்டு தேடுபவருக்கு ஏமாற்றம்தான். எண்பதுகளின் இறுதியில் கிராக் என்ற போதைப்பொருள் வாஷிங்டனைச் சூறையாடியது. கொலைகளின் தலைநகரம் என்று பத்திரிகைகள் அந்த நகரத்துக்குப் பட்டம் கட்டின. தினம் ஒரு சாவு செய்தியானபோது சாவு வெறும் எண்ணாகச் சுருங்கியது. 'ரிப்பீட்டர்' என்ற தலைப்புப் பாட்டு அந்த மரத்துப்போதலைப் பற்றியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் பிரென்னன் 1990-ல் ஓய்வுபெற்றபோது, ஒரு தாராளவாதத் தூண் சாய்ந்ததே என்று அவருக்குக் கடிதம் எழுதுவதுபோல ஒரு பாட்டு வந்தது. பணிஓய்வு பெற்ற நீதிபதிக்குப் பாட்டுக் கட்டிய ராக் குழு வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. பூர்வகுடிகளுக்குப் பெரியம்மை தொற்றிய போர்வைகளைக் கொடுத்த வரலாறு ஒரு பாட்டு. தன் விருப்பப்படி படமெடுத்த ஜான் கசாவெட்டிஸ் என்ற இயக்குநருக்கு ஒரு வாழ்த்து. வாடகை ஏற்றி ஏழைகளைத் தெருவுக்கு அனுப்பிய வீட்டுமனை வியாபாரம் 2001-ல் ஒரு பாட்டு.

1988-ன் 'சஜெஷன்' பாட்டின் கதை தனி. தெருவில் சீண்டலுக்கு ஆளான ஒரு தோழியின் அனுபவத்தைக் கேட்டு, மெக்காய் அந்தப் பெண்ணே பேசுவதுபோல எழுதினார். ஆண் ஒருவன் பெண்ணின் வலியைத் தன் வாயால் பாடலாமா என்ற கேள்வி உடனே எழுந்தது, நியாயமான கேள்விதான். பல கச்சேரிகளில் மெக்காய் மைக்கைப் பெண்களிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று கிதார் மட்டும் வாசித்தார். அப்போது அந்தப் பாட்டு வேறாக ஒலிக்கிறது. ஒருவரையொருவர் இடித்து ஆடும் கூட்டத்தில் பெண்கள் பின்வரிசைக்குத் தள்ளப்படுவதைப் பாட்டின் நடுவே நிறுத்திச் சுட்டிக்காட்டுவதும் நடந்தது.

ஊக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், செய்தித்தாளிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்தது என்பதே எளிய விடை. ஆனால் செய்தித்தாளை எல்லோரும்தான் படிக்கிறார்கள். இவர்கள் தங்கள் ஊரில் நடத்திய கச்சேரிகள் ஏறக்குறைய அனைத்தும் இலவசம், அல்லது ஏதேனும் ஒரு காரியத்துக்கு நிதி திரட்ட. பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற இளைஞர் அமைப்பு 1985 முதல் இந்த வேலையைச் செய்துவந்தது. வீடற்றோர் காப்பகம், இலவச மருத்துவமனை என்று ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு முகவரி இருந்தது. மேடைக்குப் பக்கத்திலேயே அந்த அமைப்புக்காரர் மேசை போட்டுத் துண்டறிக்கை கொடுப்பார். 1991 ஜனவரி 12 அன்று, வளைகுடாப் போர் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபயெட் பூங்காவில் குளிரில் நின்று வாசித்தார்கள். பாட்டுக்குப் பொருள் தேடி அலைய வேண்டிய நிலை இப்படிப்பட்டவர்களுக்கு வருவதில்லை. விஷயம் வாசலில் வந்து நிற்கும்.

இப்போது அந்த ஐந்து டாலர். ஐந்நூறு பேர் வந்தால் 2,500 டாலர்தான் வசூல், அரங்க வாடகையும் ஒலிபெருக்கிச் செலவும் அதற்குள்ளேயே. எப்படிக் கட்டுப்படியாகும்? செலவை வெட்டினால் கட்டுப்படியாகும். சொந்த வேன். நண்பர்கள் வீட்டுத் தரையில் படுக்கை. மேலாளர் கமிஷன் இல்லை, வழக்கறிஞர் கட்டணம் இல்லை. ஊர் ஊராகத் தொலைபேசியில் பேசிக் கச்சேரி பதிவு செய்ததே மெக்காய்தான். எல்லா வயதினரும் வரலாம் என்ற நிபந்தனையால் மதுக்கூடங்கள் பல கழிந்துபோயின. பள்ளிக் கூடம், தேவாலயக் கீழ்த்தளம், சமூக மன்றம் என்று புதிய இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த இடங்களின் வாடகையும் குறைவு. கூட்டத்தில் அடிதடி செய்பவனை வெளியேற்றும்போது அவன் கையில் ஐந்து டாலர் வைத்த உறை ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். உறைகள் முன்கூட்டியே தயாராக இருக்கும். காசைத் திருப்பிக் கொடுத்த பிறகு அவன் எதைச் சொல்லிச் சண்டைபோடுவான்?

சுயாதீனம் என்றால் தனியாள் சாகசம் என்று நினைத்துவிடவும் கூடாது. இசைத்தட்டுகளை அச்சடித்து உலகெங்கும் கொண்டுசேர்த்தது லண்டனின் சதர்ன் நிறுவனம். அந்த ஏற்பாடு இல்லையென்றால் ஆர்லிங்டன் வீட்டிலிருந்து இயங்கிய டிஸ்கார்டால் லட்சக்கணக்கில் விற்ற தொகுப்புகளைச் சமாளித்திருக்க முடியாது. அதோடு, 1981-ல் சில இளைஞர்கள் வாடகைக்குப் பிடித்த அந்த வீடு அன்றைக்கு மலிவு. கீழ்த்தளத்தில் ஒத்திகை, மேலே அலுவலகம். இன்று அதே வட்டாரத்தில் அதே வயதுப் பையன்களுக்கு ஓர் அறைகூடக் கிடைப்பது கடினம். இவர்களுடைய விதிகளைச் சுவரில் எழுதி வைத்துப் பின்பற்ற நினைக்கும் இளம் குழுக்கள் இந்த வாடகைக் கணக்கை மறந்துவிடுகின்றன.

மேடையில் அவர்கள் பாட்டுப் பட்டியல் எழுதி வைத்துக்கொள்வதில்லை. அடுத்து என்ன என்பது அங்கேயே தீர்மானமாகும். பிச்சோட்டோ இரண்டு ஸ்வரத்தைத் தட்டுவார், லாலி புரிந்துகொண்டு பேஸில் இறங்குவார். அதற்கு வழிவிட்டுக் கேன்டி தாளத்தைத் திருப்புவார். ஒரு பாட்டின் வாலும் அடுத்ததன் தலையும் ஒட்டிக்கொள்ளும் அந்த இடங்களில் திட்டமிடாத வாசிப்பு சில நிமிடம் ஓடும். அதில் பிடித்தது பிறகு ஒத்திகை அறைக்குப் போகும். இதற்கு நால்வரும் எல்லாப் பாட்டையும் எந்நேரமும் விரல் நுனியில் வைத்திருக்க வேண்டும். சக்கை போடு போட்ட இரவுகளும் உண்டு, தடுமாறிய இரவுகளும் உண்டு. ஒலிப்பதிவுகள் இரண்டையும் மறைக்கவில்லை.

1993-ல் நியூயார்க்கின் ரோஸ்லேண்ட் அரங்கில் வாசித்தபோது, அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய இசை நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான அகமது எர்டெகன் நேரில் வந்து பார்த்தார். நிர்வானா என்ற ராக் குழுவின் வெற்றிக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் சுயாதீனக் குழுக்களைத் துரத்திக்கொண்டிருந்த காலம். குழுவுக்கென்றே தனி நிறுவனம், பெரும்பணம் என்றெல்லாம் பேசினார். இருதரப்பும் இசையைப் பற்றி மகிழ்ச்சியாகப் பேசிப் பிரிந்தார்கள், ஒப்பந்தம் மட்டும் ஆகவில்லை. இதில் தியாகம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அவர்களுக்கு அன்றைக்கே வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது, கேட்பவர்கள் இருந்தார்கள், யாரும் நாள் குறித்து நெருக்கவில்லை. எர்டெகனிடம் இருந்ததில் அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒன்றுமில்லை.

அந்த முறைக்கும் ஒரு விலை இருந்தது. நால்வரும் ஒப்பினால்தான் எதுவும் என்றால், நால்வரும் ஒரே ஊரில், ஒரே அறையில் இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் பின்பாதியில் குழந்தைகள், குடும்பம், நோய் என்று நாட்கள் துண்டுபட்டன. 1998-ல் 'எண்ட் ஹிட்ஸ்', அடுத்தது மூன்று வருடம் கழித்து 2001-ல் 'தி ஆர்க்யுமென்ட்'. நெடுநாள் உடன்வந்த ஜெரி புஷர் இரண்டாவது டிரம்ஸ் வாசிக்க, செல்லோவும் பெண் குரல்களும் சேர, மிக அகலமான ஒலி கொண்ட தொகுப்பு அது. 2002 நவம்பர் 4 அன்று லண்டனில் ஒரு கச்சேரி, அதன்பின் மேடை ஏறவில்லை. ஒருவர் இல்லாமல் மற்ற மூவர் அந்தப் பெயரில் வாசிப்பதோ, வேறு ஆளைச் சேர்ப்பதோ அவர்கள் யோசிக்கவே இயலாத காரியம். கலைந்துவிட்டோம் என்று இன்றுவரை அறிவித்ததும் இல்லை.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளில் 800-க்கும் மேற்பட்டவற்றை அவர்களுடைய ஒலி பொறியாளர்கள் கேசட்டிலும் டிஜிட்டல் நாடாவிலும் பதிந்து வைத்திருந்தார்கள். 2011 இறுதியிலிருந்து அவை ஒவ்வொன்றாக இணையத்துக்கு வந்தன. ஒரு கச்சேரி ஐந்து டாலர், விரும்பினால் ஒரு டாலர் முதல் நூறு டாலர் வரை கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. ஒரே பாட்டை நாலைந்து வருட இடைவெளியில் எடுத்துக் கேட்டால், எந்த இடத்தில் கிதார் பின்வாங்கியது, எந்த வரி உதிர்ந்தது என்று தெரியும். ஒத்திகை அறைக்குள் நுழையாமலே பாட்டுக் கட்டும் வேலையைப் படிக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

நால்வரும் வாசிப்பதை நிறுத்தவில்லை. மெக்காயும் லாலியும், மெக்காயின் மனைவி ஏமி ஃபரீனாவும் சேர்ந்த கோரிக்கி என்ற குழு 2015-ல் ஒத்திகையைத் தொடங்கி 2018-ல்தான் முதல் கச்சேரி செய்தது. பழைய பழக்கம். லாலியும் கேன்டியும் மெஸ்தெடிக்ஸ் என்ற மூவர் குழுவாக டிஸ்கார்டில் இரண்டு தொகுப்பு வெளியிட்டார்கள். பிறகு சாக்ஸபோன் கலைஞர் ஜேம்ஸ் பிராண்டன் லூயிஸோடு சேர்ந்து 2024-ல் ஒரு தொகுப்பு, இம்பல்ஸ் நிறுவனத்தில். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் பதிவு செய்த அதே இம்பல்ஸ்தான், இன்று யுனிவர்சல் என்ற பெரும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. தூய்மைவாதிகள் சிலர் முணுமுணுத்திருக்கக்கூடும். தொகுப்பு நன்றாக இருக்கிறது.